தார்க்குச்சிப் பென்சில்

11

வெள்ளிக்கிழமையிலிருந்தே நல்லம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது. கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போனவள் வாழைக்கு ஊற்றிவிட்டு வந்தாள். மாடு அவளைத் திரும்பிப் பார்த்தது.

காரணம் ஒரு சைக்கிள். அவள் புருஷன் செங்கோட்டையனின் சைக்கிள். காதர்பேட்டையில் பொங்கியண்ணன் புதிதாகத் திறந்திருக்கும் பனியன் கம்பெனி வாசலில் அது நின்றதை மெஷின் தைக்கிற ஆள் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். முதல் தடவை என்றால் வழியில் நின்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நின்றது இரண்டாவது தடவை.

அண்ணன் அர்த்தநாரி அதைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பி செங்கோட்டையனும் சொல்லவில்லை. கேட்காதவருக்கும் சொல்லாதவருக்கும் நடுவில் அந்த வீடு முன்னைப்போலவே நடந்துகொண்டிருந்தது. முன்பக்கத்து இரண்டு அறைகளில் நிட்டிங் மெஷினும் தையல் மெஷின்களும் ஓடின. பின்பக்கத்தில் அடுப்பு எரிந்தது. கட்டிங் மேசைக்கு முன்னால் செங்கோட்டையன் எப்போதும்போல் கத்திரியோடு நின்றான்.

அப்பா செத்தபோது செங்கோட்டையனுக்குப் பத்து வயது. அதன்பிறகு அவனுக்கு அண்ணன்தான் எல்லாம். சட்டை எடுத்துக் கொடுத்தது, கத்திரி பிடிக்கக் கற்றுக் கொடுத்தது, சாமளாபுரத்தில் பெண் பார்த்து நல்லம்மாளைக் கட்டி வைத்தது எல்லாம் அர்த்தநாரி. அப்படிப்பட்ட அண்ணனை விட்டுவிட்டு இவன் வேறு கம்பெனிக்குப் போகப் போகிறானா? போனால் வீடும் இரண்டாகும். அதில் சந்தேகமே இல்லை.

வீடு இரண்டானால் நல்லம்மாளுக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. அவள் மகள் மருதம்மாள், ஐந்து வயதுக்காரி, பெரியம்மா ரங்காத்தாளின் பாயில்தான் படுப்பாள். நல்லம்மாள் டைபாய்டில் கிடந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம். ரங்காத்தாளுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பிள்ளை அந்தப் பாயிலிருந்து திரும்பி வரவே இல்லை, யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

வீடு இரண்டானால் அந்தப் பாய் எந்த வீட்டில் விரியும்? நல்லம்மாளை உட்கார விடாமல் அடித்தது இந்தக் கேள்விதான்.

திங்கட்கிழமை காலை, இஸ்திரி மேசையிலிருந்து கருப்புசாமி, "மொதலாளி, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

அவர் குரலை உயர்த்துகிற ஆளில்லை. அதனால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் தாராபுரத்து லாரியில் ஏற வேண்டிய சரக்கு அது. கைருதீன் ராவுத்தர் வாங்கி அந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கெல்லாம் அனுப்புகிற வெள்ளைப் பனியன். தைத்து முடித்தாயிற்று. இஸ்திரி போட்டு, மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டியதுதான் பாக்கி. கருப்புசாமி வழக்கம்போல் கையில் தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். தண்ணீர் பட்ட இடத்தில், பனியனின் அடி மடிப்பில், ஊதா நிறத்தில் ஏதோ கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பரவி, ஒரு மூன்றும் ஒரு நான்குமாகத் திரண்டது.

முப்பத்தி நாலு. பனியனின் அளவு.

வெட்டிய துண்டுகள் தையல் மெஷின்களுக்குப் போகும்போது ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று அடி ஓரத்தில் அளவைப் பென்சிலால் எழுதுவது அர்த்தநாரி கம்பெனி வழக்கம். ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் எண் உள்ளே போய்விடும். சாதாரணப் பென்சில் என்றால் அது அங்கேயே கிடந்து இரண்டு சலவையில் போய்விடும். இதுவோ மடிப்பைத் தாண்டி இரண்டு பக்கமும் ஊறி, நாவல்பழம் தின்ற வாய்போல் பல்லிளித்தது.

கருப்புசாமி இன்னொன்றில் தண்ணீர் தெளித்தார். அதிலும் ஊதா. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது.

அர்த்தநாரி ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது காப்பியிங் பென்சில். பார்சல் ஆபீசில வெச்சு எழுதறது. நம்ம கம்பெனிக்குள்ளார இது எப்படி வந்துது?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த நல்லம்மாளுக்குக் காதில் விழுந்தது 'பார்சல் ஆபீஸ்' என்ற வார்த்தை மட்டும்தான். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

நல்லம்மாளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் கைக்குப் போன பொருளுக்குச் சாவு கிடையாது. குடை கிழிந்தால் அதன் துணி இஸ்திரி மேசைக்கு உறையாகும், கம்பி கோழிக்கூண்டுக்குக் கொக்கியாகும். ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரத்தில் கொத்தமல்லி முளைக்கும். ரங்காத்தாள், "இவகிட்ட எமன் வந்தாக்கூட பழைய உசுரைத் தொவைச்சுக் குடுத்து அனுப்பீருவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பென்சில் விஷயத்தில் அவள் இன்னும் கெட்டி. கத்தியால் சீவக் கூடாது, பாதிப் பென்சில் சீவலோடு போய்விடும். மரத்தை மெல்ல விலக்கி, கூர்முனையைக் கல்லில் தேய்க்க வேண்டும். எழுதும்போது விரலுக்குள் திருப்பித் திருப்பி எழுத வேண்டும், அப்போதுதான் கூர் ஒருபக்கமாகச் சாயாது. பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துபோனால் அதோடு முடிந்துவிடுமா? முடியாது. அதற்குத்தான் தார்க்குச்சி.

தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் ஊடைநூலைச் சுற்றி வைக்கிற குச்சி அது. உள்ளே பொள்ளலாக இருக்கும். சாமளாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் உடைந்த தார்க்குச்சிகள் கூடை கூடையாகக் கிடந்தன. அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து, முனைக்கு ஒன்றாக இரண்டு துண்டுப் பென்சில்களைச் செருகி, வஜ்ரப் பசை தடவி, நூலால் இறுக்கிச் சுற்றிவிடுவாள். ஒருமுனை தீர்ந்தால் திருப்பிப் பிடித்து மறுமுனையில் எழுதலாம். செங்கோட்டையனின் காதில் எந்நேரமும் செருகியிருப்பது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

பொங்கலுக்கு வந்த அவள் அண்ணன் ரத்தினசாமி ஒரு பொட்டலம் நிறையத் துண்டுப் பென்சில்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவன் பல்லடத்தில் லாரி பார்சல் ஆபீசில் குமாஸ்தா. தங்கைக்குச் சேலையைவிட இதுதான் சந்தோஷம் என்று அவனுக்குத் தெரியும்.

தார்க்குச்சியின் துளை சின்னது. அதனால் துண்டுகளின் மேல்பூச்சைச் சுரண்டி, மரத்தை இழைத்துத்தான் செருகியிருந்தாள். மேல்பூச்சோடு அதில் அச்சிட்டிருந்த எழுத்தும் போய்விட்டது. காப்பியிங் பென்சில் காய்ந்த துணியில் சாதாரணப் பென்சில்போலத்தான் எழுதும். தண்ணீர் பட்டால்தான் குட்டு வெளிப்படும்.

எல்லோரும் இஸ்திரி மேசையைச் சுற்றி நின்ற நேரத்தில் அவள் கட்டிங் மேசைக்குப் போனாள். அவன் காதிலிருந்து எடுத்து வைத்த தார்க்குச்சி அங்கே துண்டுத் துணிகளுக்கு நடுவில் கிடந்தது. ஒருமுனை மரத்தோடு மரமாகத் தேய்ந்திருந்தது. மறுமுனை கூராக இருந்தது. செங்கோட்டையன் பாதிச் சரக்கை ஒருமுனையால் எழுதிவிட்டு, திருப்பிப் பிடித்து மீதியை எழுதியிருக்கிறான். கருப்புசாமி தண்ணீர் தெளித்ததில் சிலது வெளுப்பாகவே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கூர்முனையை அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. சுவரில் தொங்கிய ரசம் போன கண்ணாடியில் நாக்கை நீட்டினாள்.

நாக்கின் நுனி பூராவும் ஊதா.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முன்னறைக்குத் திரும்பியபோது கைருதீன் வந்துவிட்டிருந்தார். பேக்கிங் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தையல் மெஷின்கள் நின்றிருந்தன. அந்த வீட்டில் பகல் நேரத்தில் மெஷின் நின்றால் யாரோ செத்திருக்க வேண்டும்.

அர்த்தநாரி தம்பிக்கு முன்னால் நின்றார். அவர் கத்தவில்லை.

"பத்து வயசிலிருந்து துணியோட கெடக்கறவன் நீ. உனக்குப் பென்சில் மாறிப்போச்சுன்னு நான் நம்போணுமா? இது பொங்கியண்ணன் சொல்லிக் குடுத்ததா, இல்ல உனக்கே தோணுச்சா?"

சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை, இத்தனை பேருக்கு முன்னால், ராவுத்தரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

செங்கோட்டையன் இல்லை என்று சொல்வான் என்று நல்லம்மாள் காத்திருந்தாள். ஓர் 'இல்லீங்ணா' போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றிருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. கருப்புசாமி கரிப்பெட்டியை இறக்கி வைத்தார்.

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அண்ணனைத் தாண்டி, அவளையும் தாண்டி, கிணறு இருக்கிற பின்பக்கத்துப் பொடக்காலிக்கு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

கிணற்றுப் பக்கம் யாருமில்லை. அவள் தார்க்குச்சியை அவனிடம் நீட்டி, நாக்கையும் நீட்டிக் காட்டினாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. என்னவோ ஒரு பாரம் இறங்கினாற்போல் அவன் தோள்கள் தளர்ந்தன.

"இதை யாருகிட்டயும் சொல்லாதே" என்றான்.

"ஏனுங்க?"

"அண்ணன் நெனைக்கறதே இருக்கட்டும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினான். பொங்கியண்ணன் கட்டிங் பொறுப்பு முழுவதையும் அவனிடமே விடுவதாகச் சொல்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். தனக்கென்று ஒரு மேசை, தன் சொல்லுக்கு நாலு ஆட்கள். முப்பது வயதில் அதைக்கூட ஆசைப்படக் கூடாதா? ஆனால் அண்ணனிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை முன்னால் போய் நின்று, இரண்டு தடவையும் மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

"போறேன்னு என்ற வாயில வராது. அவரே வெளிய போன்னு சொல்லீட்டாருன்னா எனக்குச் செரமமில்ல."

"திருடன், துரோகீன்னு பேரு வாங்கீட்டா?"

"பேரு கொஞ்ச நாளைக்கு இருக்கும். அப்பறம் போயிரும்."

நல்லம்மாள் அவனைப் பார்த்தாள். இந்த மனிதனோடு எட்டு வருஷமாகக் குடித்தனம் செய்திருக்கிறாள். அவனுக்குள் இவ்வளவு பயம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

பதில் சொல்வதற்குள் ரங்காத்தாள் உள்ளிருந்து கூப்பிட்டாள். சரக்கு முழுவதையும் ஆற்றங்கரைச் சலவைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்ப பிளீச்சிங் போடச் சொல்லிவிட்டாராம் அர்த்தநாரி. வெயில் இருக்கும்போதே நனைத்துக் காய வைத்தால் நாளைய லாரிக்கு ஏற்றிவிடலாம். ஒரு நாள் பொறுக்க ராவுத்தர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவும் எப்படி? "தேறலீன்னா அப்படியே குடுத்துருங்க மொதலாளி. சைஸ் மறந்துபோறவங்களுக்குன்னு தனியா வெலை வெச்சு வித்துருவேன்" என்றாராம். யாரும் சிரிக்கவில்லையாம்.

தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பெண்களும் போனார்கள். செங்கோட்டையன் வரவில்லை. வரச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

வழியெல்லாம் நல்லம்மாள் வாய் திறக்கவில்லை. ரங்காத்தாள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள், தோளைக் குலுக்கினாள். உதட்டைப் பிரித்தால் நாக்கு தெரியும். உதட்டைப் பிரிக்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? பேசாத பேச்செல்லாம் கால்களுக்கு இறங்கி, வண்டியை அவள் தள்ளிய வேகத்தில் பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வர வேண்டியிருந்தது.

பட்டறைக்காரர் தொட்டியை ஒழித்துக் கொடுத்தார். முதல் மூட்டையைத் தண்ணீரில் போட்டதும், காலையில் தண்ணீர் படாமல் தப்பித்திருந்த எண்களும் விழித்துக்கொண்டன. பாதிப் பனியன்களின் ஓரத்தில் அளவு எண்கள் பூத்து, கரைந்து, கோடு கோடாக நீரில் இழைந்து, சிறிது நேரத்தில் தொட்டி பூராவும் கத்தரிப்பூ நிறமானது. பட்டறைக்காரர், பேசாமல் சாயப்பட்டறைக்கே கொண்டுபோயிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அடுத்த தொட்டியில் திறந்துவிட்டார்.

இருவரும் முழங்கை வரை விட்டு அலசினார்கள். மருந்தின் காரம் மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரம் ரங்காத்தாள் பொங்கியண்ணனைத் திட்டினாள், அப்புறம் கொழுந்தனைத் திட்டினாள். சோறு போட்ட கையையே கடித்தவன் என்றாள். காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்குத் தான் கஞ்சி ஊற்றியதைச் சொன்னாள். நல்லம்மாள் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

பிறகு ரங்காத்தாள் திட்டுவதை நிறுத்தினாள். தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே, வேறு குரலில் பேசினாள்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போறதுன்னா என்றகிட்டச் சொல்லீட்டுப் போங்க. நான் மருதுவப் புடிச்சு வெச்சுக்க மாட்டேன். உன்ற புள்ள. ஆனா நான் தூங்கும்போது தூக்கீட்டுப் போயிராதீங்க. காலையில எந்திரிச்சு நான் பாயத் தடவிப் பாக்கற மாதிரி வெச்சுராதீங்க."

நல்லம்மாள் ஈரக் கையோடு அவள் பக்கம் திரும்பினாள். யாரிடமும் சொல்லாதே என்று புருஷன் கிணற்றடியில் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. வந்த ஞாபகம் நிற்கவில்லை.

அவள் நாக்கை நீட்டினாள்.

ரங்காத்தாள் பயந்தே போனாள். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்புறம்தான் நல்லம்மாள் பென்சில் கதை முழுவதையும் சொன்னாள். ரத்தினசாமி கொடுத்த பொட்டலம், சுரண்டிய மேல்பூச்சு, தார்க்குச்சியின் மறுமுனை, காலையில் நக்கிப் பார்த்தது.

கேட்கக் கேட்க ரங்காத்தாளின் முகம் எங்கெங்கோ போய் வந்தது. கடைசியில் அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. கண்ணில் நீர் வந்து, துடைக்கப் போன கையில் மருந்து இருந்ததால் கண் எரிந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"அரைவெரல் பென்சிலு! ஒரு லாரிச் சரக்க நிறுத்திப் போட்டயே, சாமி."

பிறகு அவள் சிரிப்பைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நீங்க எங்கயும் போகல, அப்படித்தானே?"

நல்லம்மாள் தொட்டிக்குள் குனிந்தாள். அடியில் கிடந்த பனியன் ஒன்றை எட்டி எடுக்க வேண்டியிருந்தது. குனிந்த தலையை ரங்காத்தாள் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டாள். பழையபடி சிரித்துக்கொண்டே அலசத் தொடங்கினாள்.

இல்லை என்று நல்லம்மாள் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் குனிதலுக்கு என்ன விலை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பியபோது பனியன்கள் வெளுத்துக் காய்ந்திருந்தன. மடிப்புக்குள் விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தால் மட்டும் மங்கலாக ஒரு நிழல். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ரங்காத்தாள் முழுக் கதையையும் புருஷனிடம் ஒப்பித்துவிட்டாள்.

அர்த்தநாரி தார்க்குச்சியை வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் எச்சில் தொட்டு ஒரு கோடு இழுத்தார். ஊதாக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் முகத்தில் காலையிலிருந்து கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"அம்மிணி, பழசைக் காப்பாத்தறது நல்லதுதான். அதுக்கு முன்னால ஒரு சொட்டுத் தண்ணி தொட்டுப் பாத்தரோணும், ஏம்மா" என்று மட்டும் சொன்னார். நல்லம்மாள் செரிங்க மாமா என்றாள்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டு, நான் செய்யவில்லை என்று காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தோணலீங்ணா என்றான் செங்கோட்டையன். அர்த்தநாரி அவனைத் தேவைக்குமேல் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான்.

கிணற்றடியில் கால் கழுவப் போன நல்லம்மாளை அவன் பிடித்துக்கொண்டான். என் வழியை அடைத்துவிட்டாய் என்றான். இனி எந்த முகத்தோடு நான் போவேன், காலையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார், இப்போது நாளைக்குக் காலையில் சீக்கிரம் வா என்கிறார் என்று பொருமினான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அது வழியில்லீங்க. ஊட்டுக்கு வாசல் இருக்குது. நீங்க பொடக்காலி வழியாத்தாம் போவேன்னு நிக்கறீங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுங்க. ஆனா நான் துரோகி பொண்டாட்டீன்னு தனி ஊட்டுக்குக் குடிபோக மாட்டேன். போறதுன்னா இன்னைக்கு அண்ணனுக்கு முன்னால உக்காந்து சொல்லுங்க. சொல்லலீன்னா வெள்ளிக்கிழமை நீங்க தனியாத்தான் போகோணும்."

அவள் நிற்கவில்லை. உள்ளே போய் விளக்குத் திரியைத் தூண்டினாள், தூண்டியதை இறக்கினாள், மறுபடி தூண்டினாள்.

அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோளச்சோறும் கொள்ளுக் கடைசலும். மருதம்மாள் முன்னமே சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் பெரியம்மா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ரங்காத்தாள் பரிமாறினாள். ஆற்றங்கரைச் சிரிப்பு இன்னும் அவளிடம் பாக்கி இருந்தது. கொழுந்தன் வட்டிலில் ஒரு கரண்டி நெய் அதிகமாகவே விட்டாள்.

செங்கோட்டையன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். நல்லம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா."

அர்த்தநாரி நிமிரவில்லை.

"பொங்கியண்ணன் கம்பெனிக்குக் கட்டிங் பாக்கறதுக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க. வெள்ளிக்கிழமை."

கரண்டி நெய்க் கிண்ணத்துக்குள் நின்றது. அர்த்தநாரி வாயில் இருந்த கவளத்தை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"தெரியும். சனிக்கிழமையே பொங்கியண்ணன் வந்து என்னைக் கேட்டுட்டான். மறைச்சுக் கூட்டீட்டுப் போக அவனுக்கு மனசில்ல. நான் செரீன்னுட்டேன்."

செங்கோட்டையன் கையில் இருந்த சோறு வட்டிலில் விழுந்தது.

"நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன்டா. மழை வருமான்னு கேட்டே. காலையில அந்த ஊதாவப் பாத்ததும் கோவத்துல பொங்கியண்ணனையும் சேத்து இழுத்துப் பேசீட்டேன். என்றகிட்டச் சொல்றதைவிட சரக்கைக் கெடுக்கறது இவனுக்குச் சுலபமாப் போச்சான்னு."

தம்பி அழத் தொடங்கினான். அண்ணன் அவனைச் சாப்பிடச் சொன்னார். காதர்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றதும் தனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, நல்ல தண்ணீர்க் கிணறு, நாளைக்கே போய்ப் பார்க்கலாம் என்றார். கதவு தெற்குப் பார்த்தது, அது ஒன்றுதான் யோசனை என்றார். இருவரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

நல்லம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, நிலைப்படியில் உட்காரப் போனாள். அப்போதுதான் ரங்காத்தாளைப் பார்த்தாள்.

ரங்காத்தாள் புருஷனையும் பார்க்கவில்லை, கொழுந்தனையும் பார்க்கவில்லை. நல்லம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சலவைத் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் குனிந்த தலை இருந்தது.

"அக்கா, நான்..." என்று நல்லம்மாள் ஆரம்பித்தாள்.

ரங்காத்தாள் நெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நல்லம்மாளைக் கடந்து, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

முன்னே பேசிக்கொண்டிருந்த ஆண்கள் இருவரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார்கள்.

எட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருப்பது நல்லம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.